வராதோர் கொப்பி

கேள்வி: யாழ். மருத்துவபீடத்தில் நான்காம் வருடம் படிக்கிறேன். குழந்தை வைத்திய நிபுணராகித் தீவுப்பகுதியிலோ வன்னியிலோ வேலை செய்ய எனக்கு விருப்பம். "அங்கை போய் என்னத்தைச் செய்யப்போறாய், படிச்ச படிப்பு வீணாப் போடும்" என்கிறா அம்மா. அப்படியான இடங்களில் அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்? எத்தனை வருடம் எடுக்கும்? கட்டுப்படியாகுமா?

பதில்:

தங்கச்சி, உம்முடைய அம்மா கேட்டதை ஒரு காலத்தில் என்ரை அம்மாவும் கேட்டவ. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரச ஆசுப்பத்திரிகளில் பிள்ளைகளைப் பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

வருடக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம். பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதில் ஆறு மாதத்தைக் குழந்தை விடுதியில் செய்யப் பாரும். அதற்குப் பின் நியமனம் கிடைத்த இடத்தில் வைத்திய அதிகாரியாகச் சேவை. கொழும்பில் உள்ள பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை, பயிற்சி, எம்.டி. பரீட்சை, அதற்குப் பிறகு சிரேஷ்ட பதிவாளராக உள்ளூரில் ஒரு வருடமும் வெளிநாட்டில் ஒரு வருடமும். பரீட்சை ஒன்று தவறாமல், நியமனம் ஒன்று பிந்தாமல் போனாலும் நிபுணர் என்ற பெயர் வரும்போது உமக்கு முப்பத்தைந்தை அண்டியிருக்கும். எம்.டி. வேண்டாம் என்றால் சிறுவர் நலத்தில் டிப்ளோமா ஒன்றும் இருக்கிறது. அதை முடித்துவிட்டு ஒரு ஆதார வைத்தியசாலையில் நின்று, நிபுணர்களைவிட அதிகம் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். அதையும் யோசித்து வையும்.

இனி வேலை எப்படி என்ற கேள்வி.

வன்னிக்குப் போனால் புத்தகத்தில் மட்டும் கண்ட அரிய நோய்களைப் பார்க்கலாம் என்று நினையாதையும். நீர் பார்க்கப்போவது வயித்தாலை போறது, சத்தி, முட்டு என்கிற மூச்சிளைப்பு, காய்ச்சல். கூகைக்கட்டு என்கிற கன்ன வீக்கம், செங்கமாரி என்கிற மஞ்சள் காமாலை. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளையென்றால் இந்தச் சொற்களையே புதிதாகப் பழக வேண்டியிருக்கும். "வாந்தி எடுத்தாரா?" என்று கேட்டால் தாய் தலையாட்டுவா. "எத்தினை தரம் சத்தி எடுத்தவன்?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்.

கருவி என்று பார்த்தால் உமது கண்ணும் ஒரு மணிக்கூடும்தான். பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50, ஐந்து வயது வரை 40. அந்தத் தொகையை எட்டினாலே நிமோனியாவை நினைக்க வேண்டும். எக்ஸ்ரே இல்லாத இடத்தில் இந்த மூன்று எண்களை வைத்துத்தான் முடிவெடுப்பீர்.

அதிலும் தீவு என்றால் முடிவு படகோடு கட்டுப்பட்டது. மாரி மழை தொடங்கினால் டெங்கு வரும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று தாய் ஆறுதல் அடைகிற நாளில்தான் இரத்தக்குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் பிள்ளையைக் கொண்டுபோகிற நேரம். பட்டணத்தில் நிற்கிற வைத்தியர் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரத்தம் சோதித்துப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். நெடுந்தீவில் நிற்கிறவர், குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடைசிப் படகு வெளிக்கிட முன்னர் யோசித்துவிட வேண்டும். இரவில் கடற்படைப் படகு வரும்தான். வாடைக்காற்று எழும்பின கடலில், சேலைன் ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையோடு அதில் ஒரு தரம் போய்வந்தால், அடுத்த தரம் பகலிலேயே அனுப்பப் பழகிவிடுவீர். தரையில் இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 1990 என்று அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வாசலுக்கு வருகிறது. கடலுக்கு அப்படி ஒரு இலக்கம் இல்லை.

கட்டுவிரியன் கடியும் அப்படித்தான். தரையில் பாய் போட்டுப் படுக்கிற பிள்ளைக்குத்தான் இரவில் அது கடிக்கும். கடித்த இடம் நோகாது, வீங்காது. விடிய "வயிறு நோகுது" என்பான், பிறகு கண்மடல் தொங்கும். வயிற்று நோவென்று ஜீவனி என்கிற உப்பு-சீனிக் கரைசலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மத்தியானம் மூச்சு நின்றபின் ஓடிய கதைகள் இருக்கின்றன. கட்டில் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கட்டில் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வயிற்று நோவின் அர்த்தம் ஒன்றல்ல.

இவை எல்லாம் பழகலாம். ஒரு வருடத்தில் கை வந்துவிடும். பழக எனக்குக் கனகாலம் எடுத்தது வேறொன்று. அதைச் சொல்வதானால் ஒரு பொடியனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்னத் தீவு ஒன்று, பெயர் வேண்டாம். பதினொரு வயது. தகப்பன் கடற்றொழில். தொண்டை நோவு வந்து, அது மூட்டுவாதக் காய்ச்சலாகி, இதயத்தின் ஒரு வால்வு கசியத் தொடங்கியிருந்தது. இந்த நோய்க்கு மருந்து உமக்குத் தெரியும்: பென்சதீன் பெனிசிலின், மூன்று கிழமைக்கு ஒரு ஊசி. தொண்டையில் அந்தக் கிருமி திரும்பத் திரும்ப வராமல் இருந்தால் வால்வு இன்னும் பழுதாகாது. இருபத்தொரு வயது வரையாவது போட வேண்டும். மலிவான ஊசி, எல்லா இடமும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்கூட இல்லை.

அவன் மூன்று ஊசி தவறவிட்டான். நாலாவது தரம் தாய் கொண்டுவந்தபோது பொடியனுக்குப் படி ஏற இளைத்தது. கிளினிக் நிறைய ஆட்கள். அவ்வளவு பேருக்கும் முன்னால் நான் அந்த மனுசியைப் பேசினேன். "பிள்ளையிலை அக்கறை இல்லையோ?" என்று கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. ஊசி போட்டு அனுப்பினோம்.

பின்னேரம் கிளினிக் தாதி, என்னைவிட வயதில் மூத்தவ, மெல்லமாய்ச் சொன்னா: "ஐயா, அவை எப்பிடி வாறவை எண்டு கேட்டனீங்களோ?" கேட்கவில்லை. அவ கேட்டு வைத்திருந்தா. விடிய ஐந்து மணிக்கு வீட்டால் வெளிக்கிட வேண்டும். படகு, பிறகு பஸ். பத்து மணிக்குத்தான் வந்து சேருவார்கள், அதற்குள் இலக்கம் அறுபதைத் தாண்டியிருக்கும். ஊசி போட்டு, அரை மணித்தியாலம் இருத்திப் பார்த்து விடும்போது திரும்பிப் போகிற படகு போயிருக்கும். அன்றிரவு பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுக்கை. அந்த வீட்டுக்காரர் இரண்டு மூன்று தரம் முகம் கொடுத்தார்கள், பிறகு கொடுக்கவில்லை.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். மூன்று கிழமைக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 17 ஊசி. ஊசிக்கு இரண்டு நாள் என்றால் 34 நாள். 34 நாள் பொடியனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 34 நாள் தாய் வீட்டில் இல்லை, மற்றப் பிள்ளைகளை ஆர் பார்க்கிறது? இருபத்தொரு வயது வரை, அப்படிப் பத்து வருடம். "மூன்று கிழமைக்கு ஒருக்கால் வாங்கோ" என்று நான் ஒரு வரி எழுதியதன் விலை அது. அவ மூன்று ஊசியைத்தான் தவறவிட்டிருந்தா.

ஊசியைத் தீவுக்கு அனுப்பினால் சரிதானே என்பீர். அதற்கு ஏழு கிழமை எடுத்தது. அங்கே இருந்த சின்ன ஆசுப்பத்திரியில் ஊசி இருந்தது, போடத்தான் பயம். பெனிசிலின் ஒவ்வாமல் பிள்ளை விழுந்தால் என்ன செய்வது என்று. நியாயமான பயம். ஒரு நாள் போய் நின்று, அட்ரினலின் எவ்வளவு, தொடையில் எந்த இடம் என்று காட்டி, என் கண்ணுக்கு முன்னால் முதல் ஊசியைப் போட வைத்துவிட்டு வந்தேன். மேலே இருந்து ஒருவர் "எழுத்தில் அனுமதி உண்டோ" என்று கடிதம் போட்டார். அதற்கும் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு பொடியன் ஊசி தவறவிடவில்லை. ஆனால் வால்வு முன்னரே கெட்டுவிட்டது, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அந்த மூன்று ஊசியால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

அதன்பின் ஒரு கொப்பி வாங்கினோம். மட்டையில் தாதி எழுதினா: வராதோர். கிளினிக் முடிந்ததும் வந்த பிள்ளைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, வரவேண்டியிருந்து வராத பிள்ளைகளின் பெயரை அதில் எழுதுவோம். வெள்ளி பின்னேரம் ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுப்பது, எடுபடாவிட்டால் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு, எங்கடை பேச்சில் மிட்வைஃப் அக்காவுக்கு, சொல்லி அனுப்புவது. நான் போன இடமெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனேன். உம்முடைய கேள்விக்கு என்னிடம் இருக்கிற முழுப் பதிலும் அந்தக் கொப்பிதான்: வசதி குறைந்த இடத்தில் குழந்தை வைத்தியரின் நோயாளி முன்னால் கதிரையில் இருக்கிற பிள்ளை மட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்துவிட்டார்கள், அது பாதி தப்பிவிட்டது.

வன்னியில் ஒரு இடத்தில் அந்தக் கொப்பி வேறு கதை சொன்னது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மட்டும் வராதோர் பட்டியல் நீளம். அதுவும் புருசன் இல்லாத, தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மார். நாங்கள் பஸ் நேரம், மழை, கோயில் திருவிழா என்று எல்லாம் யோசித்தோம். மிட்வைஃப் அக்காவிடம் கேட்டால் அவ சிரிக்கிறா. "ஐயா, செவ்வாய் லோன்காரர் வாற நாள்." போருக்குப் பிறகு நுண்கடன் கொம்பனிகள் வீட்டுக்கு வீடு கடன் கொடுத்துக் கிழமைக்குக் கிழமை குழுவாக இருத்திக் காசு வாங்கிய காலம். ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் அவவின் காசையும் கட்ட வேண்டும். காசு கட்டாமல் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் ஊரில் தலை காட்ட முடியாது. 2018 இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது, அவ்வளவுக்கு இறுகியிருந்தது. நாங்கள் கிளினிக்கை வியாழனுக்கு மாற்றினோம். செலவு ஒரு சதமும் இல்லை, அறிவித்தல் பலகையில் ஒரு சொல்லை அழித்து எழுதியதுதான்.

கிளிநொச்சியில் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய சனம் இருக்கிறார்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரமும் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து விட்டவர்கள். பல வீடுகளுக்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாவிட்டால் வீட்டுத்திட்டம் தட்டுப்படும், மலசலகூடம் தட்டுப்படும். பிறகு பிள்ளைக்கு வயித்தாலை போகும். நீர் ஜீவனி எழுதுவீர். அடுத்த மாதமும் எழுதுவீர். மூன்றாவது மாதம் வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு கீழே இறங்கியிருக்கும், திரிபோஷா என்கிற சத்துமாவை எழுதுவீர். அந்தப் பைக்கற்றை வீட்டில் பிள்ளைக்கு மட்டும் கரைத்துக் கொடுப்பார்கள் என்று எண்ணினால் நீர் பசியை அறியாதவர். நாலு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது நாலாகப் பிரியும், அப்படிப் பிரிப்பதுதான் தாயின் வேலை. ஆகவே நிறை கூடவில்லை என்று தாயைப் பேசாதையும். வீட்டில் எத்தனை பேர் என்று கேளும்.

வலிகாமத்துக்கு வாரும். இங்கே வசதி இருக்கிறது, பெரியாசுப்பத்திரி, அதுதான் யாழ். போதனா வைத்தியசாலை, இருக்கிறது என்பார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கால் வெளியேற்றப்பட்டு மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் அங்கேயே கலியாணம் கட்டி அங்கேயே பிள்ளை பெற்றார்கள். பெரியாசுப்பத்திரியில் இருந்து அரை மணித்தியாலப் பயணம்தான். தீவைவிடச் சில நேரம் அது தூரம். இன்னொன்று, சுண்ணக்கல்லுக்குள் இருக்கிற எங்கள் கிணற்றுத் தண்ணீர். தோட்டத்துக்குப் போட்ட உரமும், நெருக்கமான வளவுகளில் மலசலகூடக் குழியும் அதற்குள்தான் இறங்குகின்றன. நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) இங்கே விடாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். தண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, இன்னும் செறியும். ஆறு மாதத்துக்குள் பிள்ளைக்குப் போத்தல் பால் கரைக்கிற தாயிடம் எந்தக் கிணறு என்று கேட்கிற வைத்தியர் குறைவு. தாய்ப்பாலை விடாமல் பார்த்துக்கொண்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

எங்கள் தாய்மாருக்கு அக்கறை இல்லை என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நானே சொன்னவன், அதனால் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. கையில் எடுத்தது ஒரு பை. நான் அப்போது சின்ன வைத்திய அதிகாரி. அடுத்த நாட்களில் பள்ளிக்கூடங்களிலும் மர நிழல்களிலும் பிள்ளைகளைப் பார்த்தோம். காணி உறுதி, அடையாள அட்டை, அவற்றோடு ஒரே பொலித்தீன் பைக்குள் பிள்ளையின் தடுப்பூசி அட்டை. நனையாமல். இதை ஒரு தாயிடம் அல்ல, எத்தனையோ தாய்மாரிடம் கண்டேன். எந்த ஊசி போட்டது, எது மிச்சம் என்று அதைப் பார்த்துத்தான் அடுத்த ஊசி போட்டோம். போலியோ இந்த நாட்டில் கடைசியாகக் கண்டது 1993 இல். உள்ளூர் மலேரியா 2012 இல் முடிந்தது, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. போர் நடந்த நாட்டில் இவை நடந்தன. இதைச் செய்தது என்னைப் போன்ற நிபுணர்கள் அல்ல. மிட்வைஃப்மார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருந்து விசிறிய ஆட்கள், அந்தப் பொலித்தீன் பைகள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. அதன் வெளிச்சத்தில்தான் உள்ளகப் பயிற்சிக் காலத்தில் இரவுகளில் படித்தேன். விளக்குச் சரிந்து வெந்த பிள்ளைகளும், சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைக் குடித்த பிள்ளைகளும் விடுதிக்கு வருவார்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையைச் சத்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அது தெரியாமல் உப்புத்தண்ணீர் பருக்கிக்கொண்டு வருவார்கள். குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல்படக் கட்டி வைக்கிற முறையை, கங்காரு முறை என்று இன்று பாடமாகப் படிக்கிறீர் அல்லவா, எங்களுக்கு அதை இன்குபேற்றர் வேலை செய்யாத இரவுகள் படிப்பித்தன.

குழந்தை வைத்தியர் என்று நீர் யாழ்ப்பாணத்தில் பேச்செடுத்தால் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள், இந்திய அமைதிப்படை பெரியாசுப்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. மறுநாள் காலை குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம், தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, நாங்கள் வைத்தியர்கள், தாதியர் என்று சொல்லியபடி நடைபாதையால் வந்தார். சுட்டுக் கொன்றார்கள். வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் என்று அந்த இரண்டு நாளில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது நான் மாணவன். ஒவ்வொரு ஒக்ரோபரும் ஆசுப்பத்திரியில் விளக்கேற்றுவார்கள், அந்தப் படங்களைப் பாரும். தியாகி ஆகச் சொல்வதற்கு இதை எழுதவில்லை. எனக்கு அந்தச் சொல்லில் பெரிய பிரியம் இல்லை. அவர் அந்த நாளில் அங்கே நின்றதற்குக் காரணம் விடுதியில் பிள்ளைகள் இருந்ததுதான்.

நிற்பதைப் பற்றித்தான் உம்முடைய அம்மாவின் பயமும். படித்தவர் ஏன் அங்கே நிற்க வேண்டும்? இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழையது. 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எங்கள் பொடியன்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தை ஆங்கிலத்தில் படிப்பித்தார். படித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு வெளியூர் போனார்கள். 1860களில் அவர் தமிழுக்கு மாறினார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பது அவர் போட்ட கணக்குகளில் ஒன்று. கலைச்சொல் ஆக்கியவர் என்று கிறீனை எல்லோரும் புகழ்வார்கள், இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள் குறைவு. நீர் ஆங்கிலத்தில் படித்து, கொழும்பில் பரீட்சை எழுதி, வெளிநாட்டில் ஒரு வருடம் நின்றுவிட்டுத் திரும்புகிற விமானத்தில் ஏற வேண்டும். எங்கள் ஆட்களில் கனபேர் அந்த விமானத்தில் ஏறவில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் மருந்தும் பெற்றோலும் தட்டுப்பட்ட பிறகு இன்னும் பலர் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் கூட்டாளிகள் பாதிப்பேர் அங்கேதான்.

முல்லைத்தீவில் நிபுணர்கள் நிலைத்து நில்லாததற்குக் காரணம் சம்பளம் என்று நினைப்பீர். சம்பளம் எல்லா இடமும் ஒன்றுதான். பின்னேரம் பட்டணத்தில் சனலிங், அதாவது தனியாரில் காசுக்கு நோயாளர் பார்ப்பது, செய்தால் வருகிற காசு அங்கே வராது, அது உண்மை. ஆனால் நான் கண்டதில் ஆட்களைத் திருப்பிக் கொண்டுவருவது காசைவிடப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், துணைவருக்கு வேலை இல்லாததும், ஒழுகுகிற விடுதி வீடும்தான். நான் நின்ற ஒரு இடத்தில் குவாட்டர்சுக்கு இரண்டு வருடம் கதவு பூட்டு இல்லை. கட்டுப்படியாகுமா என்றால், கட்டுப்படியாகும். வீடு கட்டலாம், பிள்ளைகளைப் படிப்பிக்கலாம். கொழும்பில் இரண்டாவது வீடு வாங்க முடியாது. கலியாணம் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடும், பிறகு சொன்னால் சண்டை வரும். ஐந்து வருடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு போம். வாழ்நாள் முழுக்க என்று சத்தியம் செய்து போனவர்கள் ஆறு மாதத்தில் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாய் வருகிற பிள்ளைகள் உடனே செய்ய விரும்புவது மருத்துவ முகாம். வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கடை ஆட்களும் அதற்குத்தான் காசு தர விரும்புவார்கள். ஒரு நாள், முந்நூறு பேர், விற்றமின் சிரப், பதாகையோடு ஒரு படம். அடுத்த நாள் அந்த முந்நூறு பேரில் தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரைத் தொடர்ந்து கொடுப்பது ஆர்? முகாமுக்கு வந்த காசைத் தாய்மாரின் பஸ் காசுக்கும் படகுக் காசுக்கும் கிளினிக் தொலைபேசிக்கும் கேட்டுப்பாரும். படம் எடுக்க ஒன்றும் இல்லாததால் பெரும்பாலும் தரமாட்டார்கள். சிலர் தருவார்கள், அவர்களை விடாதையும்.

மருந்தில்லாத வேலையும் உண்டு. போரில் கால் போன பிள்ளைக்கு யாழ். ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் போடுவார்கள். பெரியவருக்கு ஒரு கால் சில வருடம் ஓடும். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு நீள நீள மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பெயர்களும் வராதோர் கொப்பிக்குள் வரும். துன்புறுத்தப்பட்ட பிள்ளைகள் வருவார்கள். காயத்தைப் பார்த்துக் கதை பொருந்தவில்லை என்று முதலில் உணர்கிறவர் நீராகத்தான் இருப்பீர். 1929 என்ற இலக்கம் சிறுவர் பாதுகாப்புக்கு இருக்கிறது, நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வந்து "டொக்டர், குடும்ப மானம்" என்பார்கள். கதிரை கொடும், தேத்தண்ணி கொடும், அறிக்கையை மாற்றாதையும்.

நூல் கட்டி, பார்வை பார்த்து, வசம்பு உரைத்துவிட்டு வருவார்கள். சிரிக்க வேண்டாம். நூலை அறுக்கச் சொன்ன வைத்தியரிடம் அந்தத் தாய் திரும்பி வரமாட்டா, பிறகு நீர் அவவைக் கொப்பியில் தேட வேண்டும்.

அம்மாவுக்கு இவ்வளவையும் சொல்லத் தேவையில்லை. வருகிற விடுமுறையில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அனுமதி கேட்டு, மிட்வைஃப் அக்கா ஒருவரோடு ஒரு நாள் வீடுகளுக்குப் போய்ப் பாரும். பாசையூர், நாவாந்துறை என்று பட்டணத்துக் கரையிலேயே தொடங்கலாம், தீவு வரை போகத் தேவையில்லை. ஸ்கூட்டி ஓடத் தெரியாவிட்டால் அவவின் பின்னால் இரும். ஸ்டெதஸ்கோப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போம், கழுத்தில் அது கிடந்தால் சனம் வேறு மாதிரிப் பேசும். வீட்டுக்குள் போனால் பிள்ளையைத் தூக்க முதல் அடுப்படியைப் பாரும், தண்ணீர் எதில் நிற்கிறது என்று பாரும், பாய் எத்தனை என்று எண்ணும். கடைசியாக அக்காவிடம், போன மாதம் நிறுவைக்கு வராத பிள்ளை எது, அந்த வீடு எது என்று கேளும். அந்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லும்.